கத்தி படாத பிரதி

சர்வேயருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார், மனைவி மேல் எரிந்து விழுந்து பார்த்தார். வியாழக்கிழமை காலையில் கன்னம் வீங்கியதும் வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ஊரில் எத்தனையோ பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் சர்வேயருக்கு இந்த அம்மாவின் கைமேல்தான் நம்பிக்கை. அதே அம்மாவைத்தான் அவர் வருடக்கணக்காக ஏமாற்றிக்கொண்டும் இருந்தார். தான் ஏமாற்றுகிற ஆளிடமே போய் வாயைத் திறந்து படுப்பது என்ன புத்திசாலித்தனம் என்று பல்வலிக்காரனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஏமாற்று என்றதும் நிலம், நகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய நாவல்தான் விஷயம்.

மருந்துக் கடைக்கும் சாவி போடுகிற கடைக்கும் நடுவில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் நகர்ந்துதான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். கடைக்காரருக்குத் 'தள்ளுபடி' என்று பெயர். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அதைக் கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர். சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் வாசலை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உள்ளே முக்காலிகளைப் போடுவார். ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அதற்குச் 'சபை' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

சபைக்காரர்களில் யாருக்கும் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்தில் தொடங்கத் தெரியாது. முதலில் மோந்து பார்ப்பார்கள். பிறகு எந்த அச்சகம், எத்தனையாவது பதிப்பு என்று பார்ப்பார்கள். அப்புறம் முதுகைத் தடவி, தையலை இழுத்து, அட்டையைத் திறந்து மூடி... மாடு வாங்கப் போகிறவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான். எல்லாம் முடிந்ததும் பெருமூச்சு விட்டு மூடிவைப்பார்கள். படிப்பதா? அதற்கென்ன அவசரம்!

ஒரு புத்தகத்தின் மேல் ஆசை வந்து அன்றைக்கு வாங்க முடியவில்லை என்றால், அடுத்தவர் கண்ணில் படாமலிருக்க அதைக் கால்நடை நோய்கள் வரிசைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போவது சபையில் வழக்கம். எல்லோரும் அங்கேயேதான் ஒளிப்பார்கள். அதனால் கடையில் நல்ல சரக்கு வேண்டுமென்றால் நேராகக் கால்நடை நோய்களுக்குப் பின்னால் கையை விட்டால் போதும். இது தள்ளுபடிக்கும் தெரியும். கடையிலேயே அந்த அலமாரியை மட்டும்தான் அவர் தினமும் தூசி தட்டுவார்.

இந்தக் கும்பலில் புத்தகத்தைப் படிப்பதற்காக வாங்குகிற ஒரே பைத்தியம் டாக்டரம்மா. அவரிடம்தான் அந்த நாவலின் முதல் பாகம் இருந்தது. எழுதியவரை இன்றைக்கு அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே நினைவிருக்குமோ என்னவோ. பெரிய வீடு ஒன்றில் இருந்த எல்லோரும் ஒவ்வொருவராக வெளியேறிப் போக, கடைசியில் ஒருத்தி மட்டும் தனியாக மிஞ்சுகிறாள். முந்நூறு பக்கத்துக்கு இந்தப் போக்குதான். கடைசிப் பக்கத்தில், மழை கொட்டுகிற ஒரு மத்தியானம், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் எழுந்து போகிறாள். முதல் பாகம் முற்றிற்று. படுபாவி, அங்கேயா நிறுத்துவான்?

டாக்டரம்மா அதைக் கல்லூரியில் படிக்கும்போது வாங்கினார். அன்றிலிருந்து கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று தேடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் எங்கேயும் இல்லை. அச்சகத்தின் கூரை ஒழுகி அத்தனை பிரதியும் கூழாகிவிட்டது என்றார்கள்.

ஒரே ஒரு பிரதி தப்பித்திருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பாழடைந்த கட்டடத்தை அளக்கப் போன சர்வேயர், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே அது இருந்தது. அன்றைக்கு அவர் அளந்த அளவெல்லாம் தப்பு என்று பிறகு மேலிடத்தில் திட்டு வாங்கினார்.

ஆனால் அந்தப் பிரதியில் ஒரு வில்லங்கம் இருந்தது. பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து, கடைசியாக ஓரத்தை வெட்டினால்தான் பக்கங்கள் பிரியும். இந்தப் பிரதிக்கு மட்டும் பைண்டர் ஓரம் வெட்ட மறந்திருந்தார். முதல் பக்கம் தெரியும். இரண்டும் மூன்றும் மடிப்புக்குள்ளே. நான்கும் ஐந்தும் தெரியும். ஆறும் ஏழும் மறுபடி உள்ளே. புத்தகம் முழுக்க இதே கதைதான். சேகரிப்பவர்கள் மொழியில் இதற்குக் 'கத்தி படாத பிரதி' என்று பெயர். கத்தி பட்டால் அது வெறும் பழைய புத்தகம். படாத வரைக்கும் அது பொக்கிஷம். சர்வேயர் ஒருமுறை மடிப்பைக் கொஞ்சம் உப்பவைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். தாள் 'பட்'டென்று ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டிப் பார்க்கும் வேலையை அத்தோடு விட்டார்.

ஆக, உலகத்திலேயே அந்த இரண்டாம் பாகத்தை வைத்திருந்த ஒரே ஆள் அதில் பாதியைப் படித்ததே இல்லை. இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

"படிக்காத புத்தகத்துக்கு எதுக்குங்க இரும்பு அலமாரி, அதுக்கு ரெண்டு பூட்டு? நம்ம ரேஷன் கார்டு எங்கன்னு கேட்டா வீட்டையே புரட்டணும்."

படிக்கவில்லை என்று சபையில் அன்றைக்கே சொல்லியிருந்தால் தொல்லையில்லை. ஆனால் புத்தகத்தைக் காட்டாமல் "என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்ன அந்த முதல் சனிக்கிழமை, டாக்டரம்மா முக்காலியோடு நகர்ந்து பக்கத்தில் வந்து, "சார், கதவைத் தட்டினது யாரு?" என்று கேட்டார். படிக்கவில்லை என்று சொல்ல சர்வேயருக்கு நாக்கு வரவில்லை. "அது பெரிய விஷயம் டாக்டர். ஒரு வார்த்தையில சொல்லிட முடியாது" என்றார். அப்படியே ஏழு வருடம் ஓட்டினார்.

பிறகுதான் அந்தத் தம்பி வந்தான்.

ஒரு சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா தானாகச் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தானாம். பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, போட்ட சட்டையோடு வீட்டை விட்டுப் போனவன். போனவன் போனவன்தான். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகும் டாக்டரம்மா அந்த வீட்டை மாற்றவில்லை. பெயின்ட்கூட அதே பச்சைதான் அடித்தார். வேறு நிறம் அடித்தால் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். இதையெல்லாம் ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை சர்வேயர் சபையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கதவைத் தட்டினது அவளோட தம்பி" என்றார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னாரா, அந்த முகத்தைப் பார்த்ததால் பொய் சொன்னாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நான்காம் பக்கத்தில், 'போனவன் இன்னும் திரும்பி வரவில்லையே என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று இருந்தது. இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் தெரிந்தால் நடுவில் கோடு போடுவதுதானே சர்வேயர் வேலை? தெரிகிற பக்கங்களைக் கல்லாக வைத்துத் தெரியாத பக்கங்களில் கோடு போட்டுக்கொண்டே போனார். வருடத்துக்கு வருடம் தம்பி வளர்ந்தான். தச்சு வேலை கற்றான். இருட்டில் வீடு தெரியாமல் இரண்டு தடவை வாசலைத் தாண்டிப் போனான். எந்தப் பொய் எந்தப் பக்கத்தில் என்று சர்வேயர் ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டார். எல்லைக் கல் நகரக் கூடாதல்லவா?

வியாழக்கிழமை பல்லைப் பிடுங்கியாயிற்று. சர்வேயர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய், ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சார், நேரா விஷயத்துக்கு வர்றேன். என் முதல் பாகத்தை நீங்களே வச்சுக்குங்க."

சர்வேயர் எழுந்து உட்கார்ந்தார். பஞ்சை விழுங்கப் பார்த்தார்.

"பதிலுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். இந்தச் சனிக்கிழமை உங்க புத்தகத்தைக் கடைக்குக் கொண்டு வாங்க. அவள் கதவைத் திறக்கிற இடத்தை மட்டும் சத்தமா வாசிங்க. நீங்க சொல்லிக் கேட்டாச்சு. எழுதினவர் எப்படி எழுதியிருக்கார்னு ஒரே ஒரு தடவை காதால கேட்கணும். அது போதும் எனக்கு."

இரண்டு பாகமும் ஒரே அலமாரியில்! உலகத்திலேயே ஒரே முழு ஜோடி! சர்வேயருடைய மூளையின் ஒரு பாதி 'மாட்டிக்கொண்டாய்' என்றது. மற்ற பாதி அதற்குள் அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. மரத்துப்போன வாயால் அவர் "சரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பேசாம அந்த ஒரு மடிப்பை வெட்டிப் படிச்சுட்டுப் போங்களேன்."

"வெட்டறதா? உலகத்துலயே கத்தி படாத ஒரே பிரதிடி அது!"

"உலகத்துலயே யாரும் படிக்காத பிரதின்னு சொல்லுங்க."

சர்வேயர் வெட்டவில்லை. அவர் யோசனை வேறு. வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பழைய நாவல் நடையில், தம்பி வந்து நிற்கிற காட்சியைத் தானே எழுதினார். அடித்து அடித்து ஏழு தடவை எழுதினார். கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தார். புத்தகத்தைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை சபையில் ஒரு முக்காலிகூடக் காலியில்லை. டாக்டரம்மா முதல் பாகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிய்ந்து, ஒட்டி, நடுவில் மருந்துச் சீட்டுகள் செருகி, பல தடவை படிக்கப்பட்ட புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தார். பிறகு புத்தகத்தைச் சர்வேயரின் மடியில் வைத்தார். "இனிமே உங்களோடது" என்றார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்.

சர்வேயர் இரண்டாம் பாகத்தைத் திறந்து நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தார். முதல் பக்கத்தை நிஜமாகவே வாசித்தார். மழை, துருப்பிடித்த தாழ்ப்பாள், அதை இழுக்க அவள் படுகிற பாடு. 'கதவைத் திறந்தாள். அங்கே' என்று பக்கம் முடிந்தது. சர்வேயர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு தன் சொந்தச் சரக்கில் இறங்கினார்.

தம்பி நனைந்து நின்றான். தலை நரைத்திருந்தது. அவள் அந்த நரைக்குள் பத்தொன்பது வயதுப் பையனைத் தேடினாள். "அக்கா, வழி விடு, நனையறேன்" என்றான் அவன். சர்வேயர் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பழகி வந்திருந்தார். புத்தகம் கேட்டு உள்ளே வந்த ஒருவரைத் தள்ளுபடி கையைக் காட்டி வெளியே அனுப்பினார். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அதைப் பார்த்தும் சர்வேயர் நிறுத்தவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதே.

"சர்வேயர் சார், ஒரு நிமிஷம்."

புரூஃப் அக்கா. பத்திரிகை ஆபீசில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியலையும் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"பத்து நிமிஷமா பார்க்கறேன். நீங்க ஒரு பக்கம்கூடத் திருப்பலையே. அவ்வளவு பெரிய பக்கமா அது?"

சர்வேயர் அவசரத்தில் ஒரு தாளைத் திருப்பினார். மடிப்போடு சேர்ந்து அது தடிமனாகத் திரும்பியது. தள்ளுபடி எட்டிப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

"ஐயோ... இது ஓரம் வெட்டாத பிரதி!"

இந்த இடத்தில் நியாயமாகச் சபை என்ன செய்திருக்க வேண்டும்? 'அட புளுகா' என்று அவரைத் தூக்கி வெளியே எறிந்திருக்க வேண்டும். ஆனால் இவர்கள் சபைக்காரர்கள். அத்தனை பேரும் எழுந்து சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் கைகழுவ ஓடினார். ஒருவர் மூக்கைக் கொண்டுபோய் மடிப்பில் வைத்தார். "ஒரு மடிப்புகூடப் பிரியலை, பாருங்க, பாருங்க!" என்று புரூஃப் அக்காவே பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடமாக ஒரு மனிதன் படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்களுக்கும் அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படிப் பல புத்தகங்கள் இருந்தன.

டாக்டரம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ தம்பி வரலையா?" என்றார்.

மடிப்பை மோந்துகொண்டிருந்தவர் மூக்கை எடுத்தார்.

"தெரியாது டாக்டர்" என்றார் சர்வேயர். "நான் அந்தப் பக்கத்தைப் படிச்சதே இல்ல. உங்க தம்பியைப் பத்திச் சொன்னீங்களே... அதுக்கு அடுத்த வாரம் நான்தான் அவனைக் கொண்டுவந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். டாக்டரம்மா திட்டவில்லை. எங்கேயோ தப்பாகப் போட்ட கணக்கைத் திரும்பப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"வாசல்ல வெளிச்சம் இல்லாம ரெண்டு தடவை வீட்டைத் தாண்டிப் போய்ட்டான்னு சொன்னீங்க. நான் அன்னைக்கே போய் வாசலுக்கு லைட் போட்டேன் சார். இன்னும் தினமும் போடறேன்."

சர்வேயருக்கு அவமானமாக இருந்தது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடம் இந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் அவர் வீட்டு அலமாரியில், இரண்டு பூட்டுக்குள், ஒரு மடிப்புக்குப் பின்னால் இருந்திருக்கிறது. காகிதத்தைக் காப்பாற்றினார். மனுஷியைக் காக்கவைத்தார்.

அவர் எழுந்து மேசைமேல் கிடந்த கத்தியை எடுத்தார். பார்சல் சணல் அறுப்பதற்காகத் தள்ளுபடி வைத்திருந்தது.

"சார்! சார்! என்ன பண்றீங்க!" சபை அலறியது. தள்ளுபடி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "கத்தியைக் கீழ போடுங்க சார். கடையில எது வேணும்னாலும் பாதி விலைக்கு எடுத்துக்குங்க. சத்தியமா. பாதி விலை!"

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்தது. வேறு நாளாக இருந்தால் சர்வேயர் மயங்கி விழுந்திருப்பார். இப்போது கையை உதறிக்கொண்டு கத்தியை மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் கிழிகிற சத்தம் கேட்டு யாரோ விசும்பினார்கள். ஓரம் பிசிறு பிசிறாக நின்றது.

சர்வேயர் பக்கத்தை விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"'அங்கே பக்கத்து வீட்டுக்காரன் நின்றிருந்தான். கூரை ஒழுகுகிறது, உங்கள் வீட்டில் ஏணி இருக்குமா என்று கேட்டான்.'"

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஏணிதான். எத்தனை படி, எந்த மரம், யார் செய்தது, எந்தப் படியில் விரிசல் என்று எழுதியவர் ரசித்து ரசித்து எழுதியிருந்தார். மூன்றாம் பக்கக் கடைசியில் அவள் ஏணியைக் கொடுத்தனுப்பினாள். நான்காம் பக்கத்தில் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

சர்வேயரால் தலை நிமிர முடியவில்லை. பொக்கிஷமும் போயிற்று, தம்பியும் போனான். கிடைத்தது ஏணி. முதல் பாகத்தை எடுத்து டாக்டரம்மாவின் கையில் திருப்பி வைத்தார்.

டாக்டரம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் புரூஃப் அக்கா தண்ணீர் எடுக்கப் போனார். அழுகைதான், ஆனால் கூடவே சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஏணியா!" என்றார். "சரி. ஏணி கேட்டாவது ஒருத்தர் வந்து அவ கதவைத் தட்டினாரே."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சர்வேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்டுப்படாத அடுத்த மடிப்பின் மேல் விரலை வைத்தார்.

"இதையும் வெட்டுங்க சார். ஏணி திரும்பி வந்துச்சான்னு பார்ப்போம்."